ராணிப்பேட்டையிலிருந்து நியூஜெர்சி வரை: பழைய அமெரிக்கக் குடும்பத்தின் கொடிவழியைத் தேடும் முறை

அமெரிக்கக் குடும்பங்களில் பெண் எடுத்தும் கொடுத்தும் உறவு கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளிடம் பள்ளியில் கொடிவழி வரைந்துவரச் சொன்னால், ஒரு பக்கத்தில் கும்பகோணமோ காரைக்குடியோ வந்து நிற்கும். மறுபக்கத்தில் "முன்னோர் எப்போதோ கப்பலேறி வந்தவர்கள்" என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பெயரோடும் ஊரோடும் கண்டுபிடிக்க முடியும். சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்தபடியே வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். அதற்கான வழியை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு விதி. 1620-இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா வந்த 102 பயணிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் சம்பந்தி வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். இது தலைகீழ் வேலை. நிச்சயமாகத் தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் "இவர் இன்னாருடைய பிள்ளை" என்று சொல்லும் ஆவணம் கையில் இருக்க வேண்டும். ஆவணம் கிடைக்காத இடத்தில் நின்றுவிட வேண்டும். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக அடுத்த படியில் கால் வைத்துவிட்டால், அதற்கு மேல் நீங்கள் ஏறுவதெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய குடும்பம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடர், 1835-இல் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தவர். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்குக் கப்பலேறி, பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்து, 1836-இல் சென்னைக்கு வந்தவர். அவர் பிறந்தது 1793-இல், நியூஜெர்சியின் ஃப்ரீஹோல்டில். அதற்கு மேல் போனால் ஐடாவின் கொள்ளுத்தாத்தா ஜோசப், ஒரு வழக்கறிஞர். எள்ளுத்தாத்தா நத்தானியேல் ஸ்கடர் மருத்துவர்; மான்மத் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றது) மிலிஷியா எனும் உள்ளூர்க் குடிமக்கள் படையில் கர்னல்; அமெரிக்க மாநிலங்களின் முதல் கூட்டமைப்புச் சாசனத்தில் நியூஜெர்சி சார்பில் 1778-இல் கையெழுத்திட்டவர்; 1781 அக்டோபரில் சண்டையில் சுடப்பட்டு இறந்தவர். யாழ்ப்பாணம் வழியாக, பிரிட்டனுக்கு எதிரான புரட்சிப் போர்க்காலத்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேரும் இந்த வழியில், புதிதாகத் தேடுகிறவர் சந்திக்கும் தடைகளில் பெரும்பாலானவை வந்துவிடுகின்றன.

முதல் படி: வீட்டில் இருப்பது

இணையத்தைத் திறப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். இறப்புச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி, புகைப்படத்தின் பின்பக்கம் எழுதிய பெயர்கள், ராணுவக் காகிதங்கள் எதையும் ஒதுக்க வேண்டாம். இரங்கல் செய்தியில் "இவருக்கு இன்ன ஊரில் வசிக்கும் சகோதரி இருக்கிறார்" என்ற ஒரு வரி, திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறிப்போன ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

அமெரிக்கக் குடும்பங்களில் பழைய பைபிள் இருந்தால் அது பெரிய செல்வம். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதுவதற்கென்றே தனித் தாள்கள் வைத்து அச்சிட்டிருப்பார்கள். அதைப் படம் எடுக்கும்போது முகப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பைபிள் அச்சான ஆண்டு 1840 என்று இருந்து, உள்ளே 1790-லிருந்து பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், யாரோ பிற்காலத்தில் நினைவிலிருந்தோ வேறு தாளிலிருந்தோ எழுதியிருக்கிறார்கள். வெவ்வேறு மை, வெவ்வேறு கையெழுத்து என்றால், நிகழ்வு நடந்த நேரத்திலேயே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் உள்ள மதிப்பு வேறு.

கல்லறைக் கல்லில் பிறந்த தேதி இல்லாமல் "வயது 62 ஆண்டு, 3 மாதம், 11 நாள்" என்று மட்டும் இருக்கும். இறந்த தேதியிலிருந்து கழித்துப் பிறந்த நாளைக் கண்டுபிடிக்கலாம். கல்லறைப் படங்களைத் தொகுக்கும் ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் கல்லின் படம் இருந்தால் அதை நம்புங்கள். படத்துக்குக் கீழே யாரோ எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பு வெறும் துப்புதான்.

ஸ்கடர் குடும்பத்தைப் போல வெளிநாட்டில் பிறந்து வாழ்ந்த அமெரிக்கர்கள் என்றால், 1795 முதல் 1925 வரையிலான பாஸ்போர்ட் விண்ணப்பங்களைத் தேட வேண்டும். பிற்கால விண்ணப்பங்களில் பிறந்த ஊர், தேதி, தந்தையின் பெயர், சில நேரங்களில் புகைப்படமும் இருக்கும்.

இரண்டாம் படி: கணக்கெடுப்பின் வழியே 1850 வரை

அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 72 ஆண்டுகள் கழித்துத்தான் ஏடுகளைப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 1950-ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. ஆகவே அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினாலே இவற்றைத் தேடலாம். பணம் கட்டிப் பார்க்கும் ஆன்செஸ்ட்ரி போன்ற தளங்களை அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. அங்கிருக்கும் பிள்ளைகளின் நூலக அட்டை இதற்கு உதவும்.

1880 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதப்பட்டிருக்கிறது. 1900 ஏட்டில் பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்ற விவரமும் உண்டு. 1890 ஏடுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் சேதமடைந்து, அவற்றில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியது.

ஒரு குடும்பத்தைக் கண்டதும் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். முன்னும் பின்னும் சில பக்கங்கள் புரட்டுங்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு, மனைவியின் அண்ணன் வீடு, பின்னாளில் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப்போகிறவர் வீடு எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கும். வயது முன்பின்னாக இருப்பதற்கும், பெயர் பலவிதமாக எழுதப்பட்டிருப்பதற்கும் கலங்க வேண்டியதில்லை. கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். "எங்கள் பெயரை நாங்கள் ஒருபோதும் அப்படி எழுதியதில்லை" என்று இன்றைய தலைமுறை சொல்வதைக் கேட்டு ஒரு ஆவணத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

1850 ஒரு பெரிய வாசல். அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்ட முதல் ஏடு அதுதான். அதற்கு முன்னால் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1830 ஏட்டின் ஒரு வரி இப்படி இருக்கும்: தலைவரின் பெயர், பிறகு ஐந்து வயதுக்குக் கீழ் ஆண் 2, ஐந்து முதல் பத்துக்குள் ஆண் 1, நாற்பது முதல் ஐம்பதுக்குள் ஆண் 1, பெண்கள் பக்கத்தில் பத்து முதல் பதினைந்துக்குள் 1, முப்பது முதல் நாற்பதுக்குள் 1. பார்த்தவுடன் கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள் என்று தோன்றும். அந்தப் பெண் மனைவியாகவும் இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம், இரண்டாம் தாரமாகவும் இருக்கலாம். சிறுவர்கள் அண்ணன் பிள்ளைகளாகவும் இருக்கலாம். இந்த வரி எதையும் நிரூபிக்காது. வேறு ஆவணங்களில் கிடைக்கும் குடும்பம் இதற்குள் பொருந்துகிறதா என்று சரிபார்க்க மட்டுமே உதவும்.

ஸ்கடர்களுக்கு இந்த உதவிகூட இல்லை. 1850-இல் டாக்டர் ஜான் இந்தியாவில் இருந்தார். அமெரிக்க ஏட்டில் அவரைத் தேடிப் பயனில்லை. அந்தக் காலத்துக்கு அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன் வாரியத்தின் கடிதங்கள்தான் ஆதாரம். அவை ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவர் தந்தை ஜோசப் வாழ்ந்த காலத்துக்குப் போனால், நியூஜெர்சியின் 1790 முதல் 1820 வரையிலான ஏடுகள் கம்பர்லண்ட் கவுண்டியின் 1800 பதிவு தவிர மற்றவை தொலைந்துவிட்டன. அந்த இடத்தை நிரப்ப ட்ரென்டனில் உள்ள மாநில ஆவணக்காப்பகத்தில் ஊர்வாரியான வரிப் பட்டியல்கள் இருக்கின்றன. யாரிடம் எத்தனை ஏக்கர், எத்தனை குதிரை, எத்தனை மாடு என்று ஆண்டுக்காண்டு எழுதியிருப்பார்கள். ஒருவர் பெயர் ஓர் ஆண்டு மறைந்து, அதே நிலத்துக்கு வேறொருவர் பெயர் வந்தால், அங்கே ஒரு மரணமோ விற்பனையோ நடந்திருக்கிறது. அந்த ஆண்டின் உயிலையும் பத்திரத்தையும் தேட வேண்டும் என்பது அதன் பொருள்.

பிறப்புப் பதிவும் இப்படித்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாசசூசெட்ஸில் ஊர்க் குமாஸ்தாக்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பு, இறப்புகளை எழுதி வந்தார்கள். 1850 வரையிலான அந்தப் பதிவுகள் ஊர்வாரியாக அச்சாகியும் இருக்கின்றன. நியூஜெர்சியில் மாநிலப் பதிவு 1848-இல்தான் தொடங்கியது, பென்சில்வேனியாவில் 1906-இல். இல்லாத பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைவதைவிட, அந்த மாநிலத்தில் எந்த ஆண்டு முதல் எது இருக்கிறது என்பதை ஃபேமிலிசர்ச்சின் விக்கிப் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: பத்திரமும் உயிலும்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தேடலின் வெற்றியும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஆரம்பகால அமெரிக்காவில் ஏழைக் குடியானவரும் ஏதாவது நிலம் வாங்கினார், விற்றார், குத்தகைக்கு எடுத்தார். கணக்கெடுப்பு மறைத்த குடும்பத்தை நிலம் காட்டிக்கொடுக்கும்.

பத்திரங்கள் கவுண்டி அலுவலகத்தில் இருக்கும். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்குப் பகுதியின் சில மாநிலங்களில் மட்டும் ஊர் அலுவலகமே பத்திரங்களை வைத்திருக்கும். விற்றவர் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை என இரண்டு உண்டு. வீடு வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போவோமே, அதே வேலைதான். இந்த மனிதருக்கு இந்த நிலம் எப்படி வந்தது என்று கேளுங்கள். வாங்கிய பத்திரமே இல்லாமல் விற்ற பத்திரம் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் பாகமாக வந்த சொத்து. தந்தையின் பெயர் அங்கே ஒளிந்திருக்கிறது.

பத்திரத்தின் கடைசிப் பகுதியைத் தவறாமல் படியுங்கள். கணவர் நிலத்தை விற்கும்போது மனைவிக்கு அதில் வாழ்நாள் உரிமை உண்டு என்பதால், அவரைக் கணவரிடமிருந்து தனியே அழைத்து விசாரித்து, அச்சமோ வற்புறுத்தலோ இல்லாமல் சம்மதித்தார் என்று பல மாநிலங்களில் எழுதுவார்கள். மனைவியின் பெயர் வேறெங்கும் கிடைக்காதபோது இங்கே கிடைக்கும். 1785 பத்திரத்தில் ஒரு பெயரும் 1795 பத்திரத்தில் இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டு திருமணங்கள் நடந்திருக்க வேண்டும். அல்லது நீங்கள் இரண்டு வெவ்வேறு ஆண்களை ஒருவராக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உயிலை விடவும் சில நேரங்களில் உயில் இல்லாத மரணம் நமக்கு அதிகம் தரும். உயிலில் ஏற்கெனவே பங்கு கொடுத்துவிட்ட மூத்த மகனின் பெயர் விடுபட்டிருக்கலாம். உயில் இல்லாவிட்டால் நீதிமன்றம் எல்லா வாரிசுகளையும் பெயர் சொல்லிப் பிரிக்கும். மணமான மகளை அவள் கணவன் பெயரோடு குறிப்பிடும். சொத்துப் பட்டியல், ஏலக் கணக்கு, காப்பாளர் நியமனம் என்று முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அட்டவணையில் ஒரு வரியாகத் தெரிவது உள்ளே நாற்பது பக்கமாக இருக்கலாம். நியூஜெர்சியைப் பொறுத்தவரை 1670 முதல் 1817 வரையிலான உயில்களின் சுருக்கம் தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. ஸ்கடர்களைத் தேடுகிறவர் திறக்க வேண்டிய முதல் அலமாரி அதுதான். சுருக்கத்தோடு நின்றுவிடாமல் மூல உயிலையும் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து உறவுச் சொற்களை இன்றைய பொருளில் படித்தால் கொடிவழியே குழம்பிவிடும். 'அநாதை' என்று காப்பாளர் நியமிக்கப்பட்ட பிள்ளைக்குத் தாய் உயிரோடு இருக்கலாம். தந்தை இறந்தாலே அப்படித்தான் எழுதினார்கள். 'கசின்' என்பது அண்ணன் மகனையும் குறிக்கும். 'சன் இன் லா' என்பது மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். 'சீனியர்', 'ஜூனியர்' என்று ஒரே ஊரில் இருவர் இருந்தால் அவர்கள் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை. பெரியப்பாவும் தம்பி மகனுமாகவோ, உறவே இல்லாதவர்களாகவோ இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார்.

ஒரே பெயர் இருவருக்கு இருப்பதன் ஆபத்தை ஸ்கடர் குடும்பமே காட்டுகிறது. மான்மத் கவுண்டியில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் படித்தவர், டாக்டர் ஜான் ஸ்கடர் என்று தேடினால் இருவர் வருவார்கள். ஒருவர் நத்தானியேலின் மகன் ஜான் ஆண்டர்சன் ஸ்கடர்: 1759-இல் பிறந்து, 1775-இல் பட்டம் பெற்று, 1810-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, பிறகு மேற்கே குடிபெயர்ந்து 1836-இல் இந்தியானாவில் இறந்தவர். மற்றவர் அவருடைய தம்பி ஜோசப்பின் மகன்: 1793-இல் பிறந்து, 1811-இல் பட்டம் பெற்று, நம் ஊருக்கு வந்தவர். பெரியப்பாவும் தம்பி மகனும். பெயர், தொழில், ஊர், கல்லூரி நான்கும் ஒன்று. தேதி, மனைவி, சகோதரர்கள், வசித்த நிலம் ஆகியவற்றை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி வைத்தால்தான் பிரித்தறிய முடியும். உங்கள் தேடலில் ஒரே பெயர் மீண்டும் வந்தால் உடனே இப்படி இரண்டு பத்தி போட்டுவிடுங்கள்.

கவுண்டி எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. நத்தானியேலின் தந்தை ஜேக்கப் நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்து பிரின்ஸ்டன் பக்கம் வந்து மாவு ஆலை நடத்தியவர். பிரின்ஸ்டன் இன்று மெர்சர் கவுண்டியில் இருக்கிறது. மெர்சர் கவுண்டி உருவானது 1838-இல். அதற்கு முந்தைய பத்திரங்களைச் சாமர்செட், மிடில்செக்ஸ் கவுண்டிகளில் தேட வேண்டும். சிகாகோவின் நியூபெரி நூலகம் எந்த நாளில் எந்த ஊர் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று காட்டும் வரைபடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு புதிய ஊருக்கும் முதலில் அதைப் பாருங்கள்.

பழைய கையெழுத்தைப் படிப்பது தொடக்கத்தில் சிரமம்தான். கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினி படித்து, எந்தச் சொல்லையும் தேட வழிசெய்யும் வசதியை ஃபேமிலிசர்ச் 2024-இல் கொண்டுவந்தது. அட்டவணையில் வராத சாட்சிகளும் பக்கத்து நிலக்காரர்களும் இப்போது தேடலில் கிடைக்கிறார்கள். கணினி தவறாகவும் படிக்கும். ஆகவே குடும்பப் பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்த்து, கிடைத்த பக்கத்தைக் கண்ணால் படித்துவிட்டே குறிப்பெடுங்கள்.

நான்காம் படி: தேவாலயமும் போர்க் கோப்பும்

குடும்பம் எந்தச் சபையைச் சேர்ந்தது என்று தெரிந்தால் பாதி வழி கடந்த மாதிரி. டச்சு சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் சாட்சிகளின் பெயரும் இருக்கும். சாட்சிகள் பெரும்பாலும் தாத்தா பாட்டி, அத்தை மாமன்மார். டச்சுக் குடும்பங்கள் தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கமும் நம் வழக்கத்தைப் போலவே இருப்பதால், பிள்ளைகளின் பெயர்களைக் கொண்டு தாத்தாவை ஊகிக்கலாம். அந்த ஊகத்தை ஆவணத்தால் உறுதி செய்ய வேண்டும். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குடும்பம் ஊர் மாறும்போது பழைய சபையிடம் சான்றிதழ் வாங்கிப் புதிய சபையில் கொடுத்தார்கள். எங்கிருந்து எங்கே போனார்கள் என்பது அந்தக் கூட்டக் குறிப்புகளில் தெளிவாக இருக்கும். ஸ்கடர்கள் ஃப்ரீஹோல்டில் பிரெஸ்பிட்டேரியன் சபையினர். நத்தானியேலின் கல்லறை பழைய டென்னன்ட் தேவாலயத்தில் இருக்கிறது.

குழந்தை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அன்று எல்லாச் சபைகளிலும் வழக்கம். 1740-இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜானை உங்கள் ஜான் என்று எழுதும் முன், 1743-இல் அதே பெற்றோருக்கு இன்னொரு ஜான் இருக்கிறாரா என்று பாருங்கள்.

1775 முதல் 1783 வரை நடந்த புரட்சிப் போரில் சண்டையிட்டவர் என்றால் ஓய்வூதியக் கோப்பைத் தேடுங்கள். 1818-இல் வறுமையில் இருந்த படைவீரர்களுக்கும், 1832-இல் மிலிஷியாவில் ஆறு மாதமாவது பணிபுரிந்தவர்களுக்கும், 1836 முதல் விதவைகள் பலருக்கும் ஓய்வூதியம் வழங்கச் சட்டங்கள் வந்தன. பணி ஆவணம் கையில் இல்லாத முதியவர் நீதிமன்றத்தில் நின்று, எங்கே பிறந்தேன், யார் தலைமையில் எங்கே நடந்தேன், போருக்குப் பின் எந்தெந்த ஊரில் வாழ்ந்தேன் என்று சத்தியம் செய்து சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. விதவையின் கோப்பு இன்னும் வளமானது. திருமணத்தை நிரூபிக்க வேறு வழியில்லாமல், குடும்ப பைபிளின் ஏட்டையே கிழித்து மனுவோடு இணைத்திருப்பார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி தன் பிள்ளைகளின் பெயர்களைத் தாங்கிய அந்தத் தாளைக் கழற்றிக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. இந்தக் கோப்புகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. போரில் கலந்துகொண்டவரின் வழித்தோன்றல்கள் 1890-இல் தொடங்கிய 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' அமைப்பின் தரவுத்தளத்தையும் பார்க்கலாம். அங்கே பழைய உறுப்பினர் விண்ணப்பங்களை விட அண்மைக்கால விண்ணப்பங்களில் சான்றுகள் கறாராகச் சரிபார்க்கப்பட்டிருக்கும்.

தேதிகளில் ஒரு எச்சரிக்கை

1752 வரை பிரிட்டிஷ் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளில் 1731/2 என்று இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வரும். 1752-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731/2 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் எழுதாமல் எண் எழுதினார்கள்; 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். தேதியை நீங்களே திருத்தி எழுதாதீர்கள். ஏட்டில் இருந்தபடியே எழுதி, பக்கத்தில் உங்கள் கணக்கைக் குறித்துவையுங்கள். "திருமணமான சில மாதங்களிலேயே குழந்தை", "தாய் இறந்த பிறகு குழந்தை" போன்ற புதிர்களில் பல இந்த நாட்காட்டிக் குழப்பத்தால் வந்தவை.

கடலைத் தாண்டும் இடம்

முதன்முதலில் கரையிறங்கியவரை அடைந்ததும் எல்லோருக்கும் அவசரம் பிறக்கிறது. பயணிகள் பட்டியலை அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது 1820-லிருந்துதான். அதற்கு முன் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கப்பல் பெயரே கிடையாது. விதிவிலக்குகள் உண்டு. பிலடெல்பியாவில் 1727 முதல் வந்திறங்கிய ஜெர்மானிய ஆண்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட்ட பட்டியல்கள் இருக்கின்றன. வர்ஜீனியாவில் ஆள் ஒருவரை அழைத்து வந்தால் 50 ஏக்கர் நிலம் என்ற ஏற்பாடு இருந்ததால், நில மானியப் பதிவுகளில் அழைத்து வரப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் அழைத்து வந்தவர்களில் "கிழக்கிந்தியன் டோனி" என்றொரு பெயரும் உண்டு. இந்தியாவிலிருந்தோ அதை ஒட்டிய பகுதியிலிருந்தோ வந்து, ஊர் பேர் தெரியாமல் போன ஒருவர் இந்த ஏடுகளில் அவ்வளவு முன்பே நிற்கிறார்.

நியூ இங்கிலாந்துக்கு 1620 முதல் 1640 வரை சுமார் 20,000 பேர் வந்தார்கள். அவர்களில் தொடக்கத்தில் வந்தவர்களை ஒவ்வொருவராக ஆய்ந்து எழுதும் பணியை பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து குடும்ப வரலாற்றுச் சங்கம் நடத்திவருகிறது. மேஃபிளவர் பயணிகளுக்கு முதல் ஐந்து தலைமுறைகளை ஆதாரத்தோடு தொகுத்த நூல்வரிசை இருக்கிறது. கீழிருந்து ஏறி வந்த உங்கள் கொடிவழி இவற்றில் ஒரு பெயரைத் தொட்டுவிட்டால் மேலே உள்ள தலைமுறைகள் தயாராக இருக்கும்.

இங்கிலாந்தில் அதே பெயரில், ஏறக்குறைய அதே ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரைக் கண்டால் மகிழ்ச்சி வரும். அந்தக் குழந்தை ஏழு வயதில் இறந்து அதே தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருக்கலாம். அடக்கப் பதிவையும் பாருங்கள். ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே குடும்பம் என்பதும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸின் சேலம் (Salem) ஊரிலும் ஸ்கடர்கள் இருந்தார்கள், அதே மாநிலத்தில் கேப் காடின் பார்ன்ஸ்டபிளிலும் இருந்தார்கள். ஐடாவின் வழி சேலத்துத் தாமஸ் ஸ்கடரிடம் போகிறது. அவர் பிள்ளைகள்தான் லாங் ஐலண்டுக்குப் பெயர்ந்தவர்கள்.

பெயர் மறுக்கப்பட்டவர்கள்

தேடப்படும் மூதாதையர் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் வழி கடினமானது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். பெரும்பாலோருக்குப் பெயர் கிடைத்த முதல் கணக்கெடுப்பு 1870. அதற்கு முன்னால் செல்ல, உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையானவர்களுக்கு உதவிய அரசுத் துறையின் (ஃப்ரீட்மென்ஸ் பீரோ) பதிவுகளும், அடிமைப்படுத்திய குடும்பத்தின் உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரங்களும்தான் வழி. மனிதரின் பெயர் குதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவே விலையோடு எழுதப்பட்டிருப்பதைப் படிக்க நேரும்.

வெள்ளையர் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. அடிமை முறை தெற்கின் விஷயம் மட்டும் அல்ல. நியூஜெர்சியிலும் அது இருந்தது. படிப்படியான ஒழிப்புச் சட்டமே 1804-இல்தான் வந்தது. உங்கள் மூதாதையரின் சொத்துப் பட்டியலில் அப்படிப்பட்ட பெயர்கள் வந்தால் அவற்றை விட்டுவிடாதீர்கள். பெயர், வயது, ஆண்டு, ஏட்டின் எண் ஆகியவற்றைத் தனியாகக் குறித்துப் பொதுவில் வையுங்கள். வேறொரு குடும்பம் பல காலமாகத் தேடிக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியாக இருக்கலாம்.

இணைய மரங்களும் டிஎன்ஏவும்

இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்களைத் துப்பாகப் பயன்படுத்துங்கள், அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒரே தவறை நூறு பேர் நகலெடுத்தால் அது உண்மையாகிவிடாது. அச்சுப் புத்தகம் என்பதாலும் நம்பிவிட முடியாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்டாவ் அஞ்ஜூ என்பவர் செல்வந்தக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். அவற்றின் தடம் இன்றைய இணைய மரங்களிலும் இருக்கிறது. தாய்க்குப் பத்து வயதில் பிள்ளை, ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களில் பிரசவம், எல்லா வழியும் ஏதோ ஓர் அரசரிடம் போய் முடிவது போன்றவை கண்ணில் பட்டால் அந்த மரத்தை மூடிவிடுங்கள்.

டிஎன்ஏ சோதனை நான்கைந்து தலைமுறைகளுக்கு நன்றாக உதவும். அதற்கு மேலே ஒரு மூதாதையரிடமிருந்து வரும் பங்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதியாகக் குறைந்துகொண்டே போய், சிலரிடமிருந்து நமக்கு எதுவுமே வராமல் போய்விடும். தந்தை வழி ஆண்களிடம் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை குடும்பப் பெயரோடு சேர்ந்து செல்வதால், ஒரே பெயர் கொண்ட இரண்டு குடும்பங்கள் தந்தை வழியில் உறவா இல்லையா என்பதை அறிய அது பெரிதும் உதவும்.

குறிப்பேடு ஒன்று தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஏடு, எந்தப் பக்கம், எந்த நாளில் பார்த்தீர்கள், என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே ஏட்டை மறுபடியும் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தந்தை வழி ஏறி முடித்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது தாய் வழி. ஐடாவின் தாய் சோஃபியா வெல்ட். அப்பாவைப் பெற்ற பாட்டி ஹாரியட் வாட்டர்பரி. கொள்ளுப்பாட்டி மேரியா ஜான்ஸ்டன். எள்ளுப்பாட்டி இசபெல்லா ஆண்டர்சன். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஸ்கடர் அளவுக்கே நீண்ட வழி இருக்கிறது. பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியாவிட்டால், மகன்களின் நடுப்பெயரைப் பாருங்கள். 1759-இல் பிறந்த ஜான் ஆண்டர்சன் ஸ்கடரின் நடுப்பெயர் தாயின் பிறந்த வீட்டுப் பெயர்தான். பிறகு கணவர் வாங்கிய முதல் நிலத்தின் பத்திரத்தை எடுத்து, குறைந்த விலைக்கோ "அன்பின் பொருட்டு" என்றோ யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அவர் பெரும்பாலும் மாமனார். அவர் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அதே கவுண்டியின் உயில் அட்டவணைக்குப் போங்கள்.